சவரக் கத்தியும் ஜி. டி. நாயுடுவும்

தாமிரபரணிக் கரையில், பாபநாசத்துப் படித்துறைக்கு வைகறைப் பொழுதில் செல்வோர் இன்றும் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. முடியிறக்கிக் கொள்ள வந்தவர் தலை தாழ்த்தி அமர்ந்திருப்பார். நாவிதர் கத்தியைத் தொடுமுன் ஆற்றுநீரை உள்ளங்கையில் அள்ளி, அவர் தலையில் இட்டு, நெடுநேரம் தேய்த்துக் கொண்டிருப்பார். அடுத்துக் காத்திருப்போர்க்கு அது வீண் காலப் போக்காகத் தோன்றும். உண்மை அஃதன்று. மயிர் நீரை உறிஞ்சிப் பருத்து மென்மை அடையும் இயல்பினது. உலர்ந்த மயிரை அறுப்பதற்கு வேண்டிய விசையினும் நனைந்த மயிரை அறுப்பதற்கு வேண்டிய விசை மிகக் குறைவு. நன்றாக ஊறியபின் அவர் இடக்கை விரல்களால் தோலை இழுத்துப் பிடித்துக் கொண்டு, கத்தியைத் தோலோடு ஏறக்குறைய 30 பாகை சாய்த்து, சிறு சிறு வீச்சாக இழுப்பார். கத்தி மிக நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். மிகப் படுத்தால் மயிரின்மேல் வழுக்கி ஓடும். இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள அந்தச் சிறிய சாய்விலேயே சவரத்தின் சுகமெல்லாம் அடங்கியிருக்கிறது.

இந்நுட்பம் நாவிதரின் கையில் உள்ளது, கத்தியில் இல்லை. கற்றுத் தேர்ந்த அந்தக் கையை உலோகத்துக்குள் புகுத்திவிட முடியுமா என்பதே, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மேனாட்டுக் கம்மியர் எண்ணி வந்த எண்ணம். தமிழ்நாட்டில் அவ்வெண்ணத்தைத் தமதாக்கிக் கொண்டு, கூரிய பிளேடும் மின்சாரச் சவரக் கருவியும் செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார். அவரே கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு ஆவார். நம் மாவட்டத்தில் அவர் பெயரைக் கேட்டவுடன் பேருந்துகளை நினைப்போர் சிலர். கிணற்றில் ஓடும் கோயமுத்தூர் மோட்டாரை நினைப்போர் பலர். சவரக் கத்தியை நினைப்போர் அரியர். ஆயினும் அவர் வாழ்க்கையை இந்தச் சிறிய பொருளின் வழியாக நோக்குவது, பெரிய பொருள்களின் வழியாக நோக்குவதைக் காட்டிலும் தெளிவு தருவதாக எனக்குத் தோன்றுகிறது.

துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள், கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடியில் பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. ஆசிரியர்மீது மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடினார் என்றொரு கதை அவரைப்பற்றி வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், சில வகுப்புகளோடு அவர் பள்ளியை விட்டு நீங்கித் தந்தையாரின் நிலத்தில் உழைத்தார் என்பது உண்மை. கல்லூரி மலரில் இதனை எழுதுவது சிறிது கூச்சந்தான்; ஆயினும் மறைப்பதற்கில்லை.

ஒரு நாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. தானே ஓடுகின்ற வண்டி! இளைஞர் அதனைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்று அவர் உள்ளத்தில் புகுந்த ஆசை அவரைக் கோயமுத்தூருக்கு அழைத்துச் சென்றது. அங்கே ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்து, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, சில நூறு ரூபாயானதும் அத்தகைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் போகவில்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றித் தரையில் பரப்பினார், மீண்டும் பூட்டினார். அவருக்குக் கல்லூரியும் ஆய்வுக்கூடமும் அந்தத் தரையே. எந்தப் பொருளைக் கண்டாலும் பிரித்துப் பார்த்து, இவ்வுறுப்பு எதற்கு, இத்தனை கனம் ஏன், இவ்வளவு நேரம் ஏன் என்று கேட்கும் வழக்கம் அன்று தொடங்கியது. இறுதிவரை அவரை விடவில்லை.

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் பொருள் சேர்ந்தது. பம்பாயில் அது கரைந்தது. அதைப்பற்றி நெடிது உரைப்பதனால் பயனில்லை. கோயமுத்தூரில் பெருந்தொழில் நடத்திய இராபர்ட்டு ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-ஆம் ஆண்டில் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஒரு வண்டி பல வண்டிகளாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அவருடைய நிறுவனம் சில ஆண்டுகளில் நாட்டின் மிகச் சிறந்த போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 1937-ஆம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடு என்பவரோடு கூடி, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டாரை வெளியிட்டார். நம் மருதநிலத்துக் கிணறுகளில் நீர் இறைக்கும் மோட்டார்களுக்கெல்லாம் அதனை மூதாதை என்று சொன்னால் தவறாகாது.

இக்காலத்தில் அவர் பலமுறை மேனாடு சென்று வந்தார். 1936-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே படம் பிடித்தார். ஜெர்மனி தேசத்துத் தொழிற்சாலைகளை அவர் கண் பருகிற்று. அங்கெல்லாம் சவரக் கருவித் தொழில் எந்நிலையில் இருந்தது என்பதைச் சிறிது அறிந்தாலன்றி நாயுடுவின் முயற்சியை மதிப்பிட இயலாது. ஆதலின் கதையைச் சிறிது நிறுத்தி அதனைச் சொல்லுகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்துக் கத்திக் கொல்லராகிய பெரே என்பவர், நெடுங்கத்தியின் அலகுக்கு மரத்தால் ஒரு காப்பு அமைத்தார். அலகின் ஒரு சிறு விளிம்பு மட்டும் வெளியே தெரியும். கை தவறினாலும் கத்தி ஆழ இறங்காது. இதுவே பின்னர் வந்த சேப்டி ரேசர்களின் முதல் வித்து. 1880-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காம்ப்பி சகோதரர் களைக்கொட்டு வடிவில் காப்புடைய ரேசர் ஒன்றிற்கு உரிமம் பெற்றனர். ஆனால் இவற்றின் அலகு தடித்தது. அடிக்கடி தீட்ட வேண்டியது. தீட்டும் தொல்லையை ஒழித்தவர் கிங் காம்ப் ஜில்லெட். மெல்லிய தகட்டில் இருபுறமும் கூர் வைத்து, மழுங்கியதும் எறிந்துவிடலாம் என்று 1895-ஆம் ஆண்டில் எண்ணினார். அவ்வளவு மெல்லிய எஃகைப் பதப்படுத்துவது ஆகாத செயல் என்று வல்லுநர் பலர் கைவிரித்தனர். நிக்கர்சன் என்னும் பொறியாளரே அதனைச் செய்து முடித்தார். விற்பனை தொடங்கிய 1903-ஆம் ஆண்டில் விலைபோன ரேசர்கள் ஐம்பத்தொன்று மட்டுமே. முதல் உலகப் பெரும்போரில் அமெரிக்கப் படைவீரர்க்கு வழங்கப்பட்டவையோ ஏறக்குறைய 35 லட்சம்!

ஜில்லெட்டின் கருவியில் நாம் வியக்க வேண்டுவது தகட்டை அன்று; அதனைப் பிடித்திருக்கும் தலையை. மெல்லிய தகடு எளிதில் அறுக்கும், ஆனால் நடுங்கும். நடுங்கும் அலகு மயிரை அறுக்காமல் இழுத்துப் பிடுங்கும். எரிச்சல் அங்கேதான் பிறக்கிறது. அத்தகட்டை இரண்டு உலோக மூடிகளுக்கு இடையில் வைத்துத் திருகினால், அது வில்போல வளைந்து விறைப்படையும். வளைந்த ஓலை நேரான ஓலையைக் காட்டிலும் நிமிர்ந்து நிற்பதை நம் பனைநாட்டுப் பிள்ளைகள் அறியாதவர் அல்லர். அவ்வளைவே அலகைத் தோலுக்கு வேண்டிய சாய்விலும் நிறுத்துகிறது. அடிமூடியின் விளிம்பு தோலை முன்னதாக அழுத்தி இழுத்துக் கொடுக்கிறது. படித்துறை நாவிதரின் இடக்கை அவ்விளிம்பாயிற்று, வலக்கை அவ்வளைவாயிற்று. அலகுக்கும் விளிம்புக்கும் நடுவேயுள்ள இடைவெளி சிறிது மிகுந்தால் தோல் உட்புகுந்து வெட்டுப்படும். குறைந்தால் சோப்பு நுரையும் மயிரும் அடைத்துக் கொள்ளும். மயிரிழை அளவிலே நிற்கும் இக்கணக்கே ஒரு ரேசரைச் சுகமானது என்றும் மற்றொன்றைக் கொடியது என்றும் ஆக்குகிறது.

விடுதியில் முதன்முதல் சேப்டி ரேசரைக் கையில் எடுத்த நாளில், நாங்குநேரிப் பக்கத்தில் அப்பா நெற்றாள் அறுப்பதைப் பார்த்திருந்த நினைவில், யான் அழுத்தி இழுத்தேன். வகுப்புக்கு முகவாயில் பஞ்சு ஒட்டிக்கொண்டு செல்ல நேர்ந்தது. கருவியின் கனமே போதும், கையின் பலம் வேண்டா என்பதைப் பின்னரே உணர்ந்தேன். சேப்டி ரேசரின் கைப்பிடியைக் கனமாகச் செய்வதில் இந்த நன்மையும் உண்டு.

இனி நாயுடுவிடம் மீள்வோம். அவர் செய்த பொருள்களின் வரிசையில் மிக மெல்லிய சவரப் பிளேடு ஒன்று சிறப்பாகப் பேசப்படுகிறது. பேருந்து முதலாளி ஒருவர்க்குப் பிளேடு எதற்கு என்று கேட்கலாம். பிளேட்டைப் போல ஒரு நாட்டின் தொழில் வன்மையை அளந்து காட்டும் பொருள் வேறு சிலவே. அதற்கு நல்ல எஃகு வேண்டும். அதைச் சீராகத் தகடாக்க வேண்டும். ஒரே பதத்தில் காய்ச்சிக் குளிர்விக்க வேண்டும். இருபுறமும் ஒத்த கூர் வைக்க வேண்டும். இவற்றுள் ஒன்று வழுவினாலும் அதை முதலில் கண்டுபிடிப்பது வாங்கியவரின் கன்னமே. மேலும், பிளேடு மெலியுந்தோறும் எஃகின் செலவு குறையும்; அறுக்கும் விசையும் குறையும். பொருட்செலவும் துன்பமும் ஒருங்கே குறைவதாகிய இத்தகைய வழியே நாயுடுவின் மனத்துக்கு உகந்த வழி.

அலகு ஏன் விரைவில் மழுங்குகிறது என்பது அவர் காலத்தில் நன்கு விளங்காத புதிராகவே இருந்தது. எஃகினும் ஐம்பது மடங்கு மென்மையான மயிர் எஃகை எவ்வாறு அழிக்கும்? 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தார் மின்னணு நுண்ணோக்காடியின் கீழ் சவரம் நிகழ்த்திப் பார்த்து விடை கூறினர். அலகு தேய்ந்து மழுங்குவதைவிட, விளிம்பில் நுண்ணிய துண்டுகளாகச் சிதறியே கெடுகிறதாம். எஃகின் உள்ளமைப்பு ஒரு சீராக இல்லாத இடத்தில், மயிர் வளைந்து சாய்வாகத் தாக்கும்போது அச்சிதைவு தொடங்குகிறதாம். நனைந்து மென்மையுற்ற மயிரும் அசையாத அலகும் எவ்வளவு இன்றியமையாதன என்பதற்கு இதுவும் ஒரு சான்று எனலாம்.

பிளேட்டோடு நாயுடு நிற்கவில்லை. நீரும் நுரையும் இன்றியே சவரம் செய்யும் மின்சாரக் கருவி ஒன்றையும் உருவாக்கினார். அதன் பெயர் ரேசண்ட். அதன் உள்ளே ஒரு சிறு மோட்டார். அம்மோட்டாரை ஓட்டுவன, டார்ச்சு விளக்கில் இடுவன போன்ற உலர்ந்த பாட்டரிகள். இந்தக் கடைசிக் குறிப்பைப் படிக்கும்போது பலர் அதனைக் கடந்து போய்விடுவர். எனக்கோ அவருடைய மதி நுட்பம் முழுவதும் அங்கேயே தெரிகிறது.

அமெரிக்காவில் ஷிக் என்னும் படைத்தலைவர் 1931-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த மின்சாரச் சவரக் கருவி, வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தைக் கம்பி வழியே வாங்கி ஓடுவது. அந்நாட்டு நகரத்தார்க்கு அது பொருந்தும். நம் நாட்டிலோ பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில்தான் தொடங்கிற்று. அதன் பயனைக் கோயமுத்தூர் முதலில் அடைந்தது. பொருநை பாயும் நம் பள்ளத்தாக்கில் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1944-ஆம் ஆண்டில். அதன் பின்னரும் பல சிற்றூர்களில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது. கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்தில் இருப்பவர்க்கும், ஆத்தூர்க் கொடிக்காலில் இருப்பவர்க்கும், இரயில் வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து மறுநாட் காலையில் சென்னை எழும்பூரில் இறங்குபவர்க்கும் சுவரில் செருகும் கம்பியால் என்ன பயன்? பாட்டரியால் ஓடும் கருவியோ எங்கும் ஓடும். மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி ஒன்றையும் நாயுடு செய்தார் என்பதை இதனோடு சேர்த்து எண்ணுக. இல்லாத வசதியை இருப்பதாகக் கொண்டு அவர் ஒன்றையும் செய்தாரல்லர்.

ஆனால் பாட்டரியை ஏற்றால் அதன் வலிக் குறைவையும் ஏற்க வேண்டும். மின்சாரச் சவரக் கருவிகளில் துளைகளோ பிளவுகளோ உடைய மெல்லிய உலோக மேற்றகடு ஒன்று தோலின்மேல் படியும். மயிர் அவற்றினுள் நுழையும். கீழே விரைந்து ஓடும் அலகு அதைக் கத்தரிக்கும். தோலுக்கும் அலகுக்கும் இடையே நிற்பது அம்மேற்றகட்டின் கனம் மட்டுமே. அது தடித்தால் அடிமயிர் நின்றுவிடும். மிக மெலிந்தால் கிழிந்துவிடும். மோட்டாரின் விசை தளர்ந்தாலோ, அலகு மயிரைப் பற்றிக்கொண்டு நடுவில் தயங்கும். அப்போது உண்டாகும் நோவு மழுங்கிய கத்தியினும் கொடிது. ஆகவே சிறிய மோட்டார், குறைந்த மின்சாரம், நிறைந்த வேகம், கைக்கு அடங்கிய கனம் என்னும் இவை நான்கும் ஒன்றையொன்று பகைத்து நிற்கும். அவற்றைச் சமாதானப்படுத்துவதே அக்கருவியை ஆக்குவோனின் வேலை. மோட்டார்த் தொழிலில் ஊறிய ஒருவர் இதில் கை வைத்ததில் வியப்பொன்றும் இல்லை.

இவையன்றி, பழச்சாறு பிழியும் கருவி, கள்ள வாக்குக்கு இடங்கொடாத வாக்குப்பதிவுக் கருவி, படக் கருவிக்குத் தூரம் பொருத்தும் உறுப்பு முதலியவும் அவர் செய்தவை. 1941-ஆம் ஆண்டில் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்நாட்டிலேயே செய்து தர இயலும் என்று அறிவித்தார். 1945-ஆம் ஆண்டில், அக்காலச் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் கோயமுத்தூரில் தொழிற்கல்வி நிலையமும் பொறியியற் கல்லூரியும் தோன்ற அவரே காரணர். கல்லூரிக்குத் தலைமையும் ஏற்றார். நான்கு ஆண்டுப் படிப்பில் பாதி வீண். இரண்டு ஆண்டுகளே அமையும் என்பது அவர் கொள்கை. அரசாங்கத்தார் இசைந்திலர், அவர் பதவியை விட்டு விலகினார். சவரத்தில் வீணாகும் நிமிடங்களை எண்ணியவர் மாணவரின் ஆண்டுகளை எண்ணாது விடுவாரா? நான்கு ஆண்டுகளில் நாங்கள் கற்பன அனைத்தும் வீண் என்பதற்கு யான் உடன்படேன். ஆயினும் அவருடைய கேள்வி இன்றும் விடையின்றியே நிற்கிறது.

நாடு விடுதலை பெற்றபின் அவர் கருத்துகளுக்கு வழி திறக்கும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். 1952-ஆம் ஆண்டில், இருவர் செல்லத்தக்க பெட்ரோல் கார் ஒன்று அவர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. விலை 2,000 ரூபாய். அரசாங்கம் உரிமம் அளிக்க மறுத்தது, உற்பத்தி நின்றது. வரிச் சுமையும் அவரை வாட்டிற்று. மனம் நொந்து, தாம் ஆக்கிய பொருள்களைத் தாமே பலர் முன்னிலையில் உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். பொருளை உடைப்பது பொருத்தமா என்பதில் அன்றே கருத்து வேற்றுமை இருந்தது. உறுப்பு உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டுவதற்கென்றே பிறந்த கை அது. அக்கை பூட்டும் நோக்கமின்றி உடைக்கத் துணிந்தது என்றால், அதன் பின்னிருந்த வேதனை சிறியதாக இருந்திராது. அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பவர் இருக்கலாம். எனினும் அவ்வுரிம மறுப்பினால் இழந்தது நாயுடுவின் பணப்பை மட்டும் அன்று என்பதே என் துணிபு.

நம் கடைத்தெருவைப் பாருங்கள். பாளையங்கோட்டை முடிதிருத்தகங்களில் இன்று நெடுங்கத்தியைத் தோல்வாரில் தீட்டும் ஓசை கேட்பது அரிது. தொற்றுநோய்க்கு அஞ்சி, இருபுறக் கூருடைய பிளேட்டை ஒடித்துப் பாதியை மடக்குப் பிடியில் செருகிக் கொள்கின்றனர். ஒருவர்க்கு ஒரு பாதி. ஜில்லெட்டின் தகடும் படித்துறை நாவிதரின் கையும் அங்கே ஒன்றாகிவிட்டன. பாட்டரியால் ஓடும் சவரக் கருவிகளும் கண்ணாடிப் பேழைகளில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மாணவர் பலர் அவற்றைப் பையிலிட்டு ஊருக்கும் விடுதிக்கும் கொண்டு செல்கின்றனர். அவற்றின்மேல் பல தேசத்துப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ரேசண்ட் என்னும் பெயர் அவற்றுள் இல்லை.

நாயுடு 1974-ஆம் ஆண்டு சனவரி மாதம் 4-ஆம் நாள் காலமானார். கோயமுத்தூர் அவிநாசி சாலையில் அவர் 1967-ஆம் ஆண்டில் அமைத்த தொழிற் காட்சிச்சாலை இன்றும் நடைபெறுகிறது. அச்சாலையின்மேல் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பெற்ற, பத்துக் கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த நெடும்பாலத்திற்கு அவர் பெயரையே இட்டிருக்கின்றனர். திருநெல்வேலியிலிருந்து கோயமுத்தூர் செல்லும் மாணவர், பாலத்தில் ஏறி விரைந்து போய்விடாமல், கீழே இறங்கிக் காட்சிச்சாலைக்குள் ஒரு நாழிகை சென்று வரலாம்.